என் பேர் வரைக்கும்

உக்காருங்க தம்பி. சர்வர் படுத்திருச்சாம். எந்திரிக்க அரைமணி நேரம் ஆகும்னு கவுண்டர்ல அந்தம்மா சொல்லுது. அரைமணின்னா ஒண்ணரை மணின்னு வச்சுக்கிடுங்க. இப்படி நகந்துக்கிடுதேன், பெஞ்சில இடம் கிடக்கு. ரெஜிஸ்டர் தபாலா? நானும் அதுக்குத்தான் வந்துருக்கேன். உங்களுக்கு ஊரு கழுகுமலை இல்லன்னு பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. இந்த ஊர்க்காரவுகன்னா என்னையப் பாத்ததும் ஒரு சிரிப்பு சிரிப்பாக. நீங்க சிரிக்கல.

பேரைச் சொன்னாத் தெரிஞ்சிரும். கழுகுமலை மா. ஆவுடையப்பன். தெரியலையா? ரேடியோ கேக்கிற பழக்கம் இல்லபோல. 'ஞாயிறு முற்றம்'னு ஒரு நிகழ்ச்சி. ஞாயித்துக்கிழமை காலையில ஏழரை மணிக்கு ஆரம்பிச்சு ஒரு மணி நேரம். முப்பத்து மூணு வருஷம் நடந்துச்சு. சகாயமேரின்னு ஒரு அம்மாதான் நடத்துவாக. வாரத்துக்கு ஒரு கேள்வி கேப்பாக, நாம கார்டுல பதில் எழுதிப் போடணும். நல்லா இருக்கிற கடிதத்தையெல்லாம் கடைசிப் பத்து நிமிஷம் வாசிப்பாக. வாசிச்சு முடிச்சிட்டு, 'என்று எழுதியிருப்பவர்'னு ஒரு நிறுத்து நிறுத்தி, பேரைச் சொல்லுவாக. அப்படி ஆயிரத்து நூத்தி நாப்பது தடவை வந்தது எம்பேரு. இதை நான் சொல்லல, கம்ப்யூட்டர் எண்ணிச் சொல்லிருக்கு.

அந்தக் கம்ப்யூட்டர்தான் இப்ப என் மானத்தை வாங்குது. அதுல ஒரு பக்கம் இருக்கு தம்பி. அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லிப் புகார் குடுக்கணும். எடுத்தாத்தான் நான் பஜார்ல தலைநிமிந்து நடக்க முடியும். கவருகூட வாங்கிட்டேன், பாத்தீகளா. விவரமாச் சொல்லுதேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

நிகழ்ச்சியை நிறுத்தி நாலு வருஷம் கழிச்சு, பழசையெல்லாம் இணையத்துல ஏத்தப்போறோம், யாரு வேணும்னாலும் உள்ள போய்த் தேடிக் கேக்கலாம்னு ஒரு திட்டம் போட்டாக. திட்டத்தைப் போட்டுட்டு அலமாரியைத் திறந்து பாத்தா டேப் இல்ல. டேப்புக்குத் தட்டுப்பாடுன்னு ஒண்ணு மேல ஒண்ணாப் பதிஞ்சு, கடைசியில கபடி வர்ணனைதான் மிஞ்சிருக்கு. அப்ப யாரோ சொல்லிருக்காக, கழுகுமலையில ஒருத்தர் முப்பத்து மூணு வருஷத்தையும் கேசட்ல பிடிச்சு வச்சிருக்காருன்னு. யாரோ என்ன யாரோ, நாந்தான் போன் போட்டுச் சொன்னேன். பேப்பர்ல செய்தியைப் பாத்தேன், சும்மா இருக்க முடியுமா?

மறுவாரமே வேன் எடுத்துக்கிட்டு வந்துட்டாக. எஸ்தர்னு ஒரு புள்ள, பாளையங்கோட்டைக்காரி, சென்னையில வேலை. அதுதான் அந்த இணையதளத்தையே வடிவமைக்கிறது. வேனுக்குள்ள ஆறு பிளாஸ்டிக் பெட்டி, கேசட்டு ஆடாம இருக்கப் பஞ்சு வேற. நான் உள்ள போயி மஞ்சப்பையைக் கொண்டாந்து அது கையில குடுத்தேன். இருபத்தேழு கேசட்.

"சார், மத்த கேசட்டெல்லாம்?"

"மத்தது எது? அம்புட்டுந்தான்."

"ஆயிரத்து எழுநூறு மணி நேரம் இருக்கணுமே சார்."

"சிக்கனமாப் பிடிச்சிருக்கேன் தாயி" அப்படின்னேன்.

அதுக்கு ஒரு முறை இருக்கு தம்பி. கடிதம் வாசிக்க ஆரம்பிச்சதும் ரெக்கார்டை அமுக்குவேன். எம்பேரு வந்ததும் நிறுத்திருவேன், டக். அதுக்குப் பொறவு யாரு கடிதம் வந்தா நமக்கென்ன? செட்டையும் அணைச்சிருவேன், கரண்டு எதுக்கு வீணா. எம்பேரு வராத வாரத்தை வச்சுக்கிடுறதே இல்ல, அதுமேலயே அடுத்த வாரத்தைப் பிடிச்சிருவேன். இப்படிப் பிடிச்சா ஒரு கேசட்டுல ஒரு வருஷத்தையே அடைக்கலாம். வேன் டிரைவர் பஞ்சைத் திரும்பப் பொட்டிக்குள்ள வச்சான்.

இருந்தாலும் சொல்லக்கூடாது, கெட்டிக்காரி. அதை வச்சே ஒரு தளத்தைக் கட்டிருச்சு. திறந்ததும் நம்ம ஜில்லாக்கள் படம் வரும். கடிதம் வந்த ஊர் அம்புட்டுக்கும் ஒரு புள்ளி. புள்ளியைத் தொட்டா அந்த ஊருக்காரவுக கடிதத்தைச் சகாயமேரி அம்மா வாசிக்கும். வருஷத்தை வச்சுத் தேடலாம், கேள்வியை வச்சுத் தேடலாம், பேரை வச்சுத் தேடலாம். மழைன்னு அடிச்சா மழையைப் பத்துன கடிதமெல்லாம் வரும். முகப்புல என் போட்டோவைப் போடு தாயி, சால்வையோட இருக்கிறது ஒண்ணு இருக்குன்னு நாலு தடவை சொன்னேன். "யோசிக்கிறோம் சார்"னுச்சு. யோசிக்கிறோம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? ஜவுளிக்கடையில முப்பத்தெட்டு வருஷம் சேலையை விரிச்சுக் காட்டுனவன். 'பாத்துட்டு வாரோம்'னுட்டுப் போறவுக எத்தனை பேரைப் பாத்திருப்பேன்.

ஆனா ஒண்ணு. எந்த ஊரைத் தொட்டாலும் நாந்தான். விளாத்திகுளத்தைத் தொட்டா, 'ஒருவழியாகத் தண்ணீர் வந்துவிட்டது'ன்னு ஒருத்தர் கிணத்தைப் பத்தி எழுதுனது வரும். எந்தக் கிணறு, எத்தனை அடின்னு கேக்காதீக, நான் அமுக்கும்போது பாதி வாசிச்சு முடிச்சிருந்தாக. அது முடிஞ்சதும் எம்பேரு. டக். சங்கரன்கோவிலைத் தொடுங்க, எட்டயபுரத்தைத் தொடுங்க, கடைசியில எம்பேரு, டக். அந்தப் புள்ளயே சொல்லுச்சு, "சார், இது நிகழ்ச்சிக்குக் காப்பகமா உங்களுக்குக் காப்பகமான்னு ஆபீஸ்ல எல்லாரும் கேக்குறாங்க"ன்னு. மனசு நிறைஞ்சு போச்சு தம்பி.

இனி எங்க வீட்டுக்காரியைப் பத்திச் சொல்லணும். உலகம்மா. நல்லவ, குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஒரே ஒரு பழக்கம். நான் ரெக்கார்டை அமுக்கிட்டு உக்காந்திருப்பேன், எம்பேரு வரப்போகுதுங்கிற நேரம் பாத்து எந்திரிச்சுப் புழக்கடைக்குப் போயிருவா. ஒரு வாரம், ரெண்டு வாரம் இல்ல, இருவது வருஷம். "ஏளா, புருசன் பேரு ரேடியோவுல வருது, அந்தக் குண்டானை அப்புறமாத் தேச்சா என்ன?"ன்னு எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். "வெளிய வெளிச்சம் நல்லாருக்கு"ம்பா. பொறாமைன்னு நினைச்சுக்கிடுவேன். பொம்பளைகளுக்கு அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், நானும் பெருசு பண்ணல.

தளத்தை முடிச்சுட்டு அந்தப் புள்ள மடிக்கணினியைத் தூக்கிக்கிட்டு எனக்குக் காட்ட வந்துச்சு. உலகம்மா காப்பி கொண்டாந்தவ, டம்ளரை வச்சுட்டுப் போகாம நின்னா.

"எம்மா, என்னையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசச் சொன்னாக. அது இதுல இருக்கா?"

அப்படி ஒண்ணு நடந்தது நெசந்தான். தொண்ணூத்தொம்பதுல 'நேயர் குடும்பம்'னு ஒரு பகுதி வச்சு, கடிதம் எழுதுறவுக வீட்டுல யாராவது ஒருத்தரைப் போன்ல பேசவிட்டாக. நம்ம முறை வந்துச்சு. வீட்டுல போன் ஏது? இவ பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போயிருந்தா. நான் வீட்டுல செட்டுக்கு முன்னால.

எஸ்தர், உலகம்மாள்னு அடிச்சுப் பாத்துச்சு. ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. உலகம்மான்னு அடிச்சுச்சு, அதுவும் இல்ல. அப்புறம் என்ன தோணுச்சோ, துணைவியார்னு அடிச்சுச்சு. ஒண்ணே ஒண்ணு கிடைச்சுச்சு. சகாயமேரி அம்மா குரல்: 'இப்போது நம்மோடு பேச வருகிறார், கழுகுமலை மா. ஆவுடையப்பன் அவர்களின் துணைவியார்.' டக்.

என்னத்தைப் பாக்கீக? எம்பேரு வந்துருச்சு, நிறுத்துனேன். அதுதான் முறைன்னு சொன்னேன்ல. நிறுத்திட்டுத் திருப்தியாப் பம்புசெட்டுக்குக் குளிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா இவ அடுப்படியில இருக்கா. பேசினியான்னேன். பேசினேன்னா. நல்லாப் பேசினியான்னேன். நல்லாத்தான் பேசினேன்னா. அதுக்கு மேல புருசன் பொஞ்சாதிக்குள்ள கேக்க என்ன இருக்கு?

எஸ்தர் என்னையப் பாக்கவே இல்ல. "என்ன பேசினீங்கன்னு ஞாபகம் இருக்காம்மா?"ன்னு இவகிட்ட கேட்டுச்சு. இருக்குன்னா. உள்ள போயி அரிவாமணைக்கு முன்னால உக்காந்து, வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே சொன்னா. அந்தப் புள்ள போனைப் பக்கத்துல வச்சுப் பதிஞ்சுச்சு. நான் நிலைப்படியில நின்னேன். நாலு நிமிஷம், ஒரு இடத்துலயும் தடுமாறல. நேத்துப் பேசிட்டு வந்தவ மாதிரி சொன்னா.

"வணக்கம்மா. எம்பேரு உலகம்மாள். துணைவியார்னு சொன்னீக, சரிதான், ஆனா பேரு ஒண்ணு இருக்கு. எங்க வீட்டுல இருந்து வாற கார்டெல்லாம் நான் எழுதுறதும்மா. மத்தியானம் சோறு உண்டுட்டு உக்காந்து எழுதுவேன். போன மாசம் வாசிச்சீகளே, தீப்பெட்டி ஒட்டி ஒட்டி விரல்ல ரேகை தேஞ்சு போன அம்மாவைப் பத்தி, அது எங்க அம்மா. எங்க வீட்டுக்காரவுகளுக்கு அது தெரியாது. நான் எழுதுறதை அவுக படிக்கிறதில்ல. அவுக மேல வருத்தமும் இல்ல. அவுக பேரையே வாசிங்க. ஒரே ஒரு தடவை, நான் எழுதுனதை வாசிச்சுட்டு எம்பேரையும் சொல்லுங்கம்மா. ரேடியோவுல எம்பேரு எப்படி இருக்குன்னு கேட்டுக்கிடுதேன்."

இன்னும் இருக்கு, மாடு கன்னு போட்டது, மகளுக்குக் காது குத்துனது. எனக்கு முதல்ல சொன்னதுலயே காது அடைச்சுப் போச்சு.

தம்பி, உண்மையை மறைக்கக்கூடாது. அவ எழுதுனது நெசந்தான். ஆனா நான் சொல்லச் சொல்லத்தான் எழுதுவா. சொல்லச் சொல்லன்னா வரி வரியா இல்ல, கருத்தைச் சொல்லுவேன். கடையை அடைச்சுட்டு வரவே ஒம்பதரை ஆயிரும், கருத்துக்கு எங்க நேரம்? 'இந்த வாரம் மழையாம், எழுது'ம்பேன். அது கருத்து இல்லையா? எத்தனை பேருக்கு அந்த மழைங்கிறதே தோணாது. கார்டு வாங்கிக் குடுத்தது யாரு? தபால் பெட்டி வரைக்கும் நடந்து போயிப் போட்டது யாரு? போடாம இருந்தா அந்தம்மா எதை வாசிச்சிருக்கும்? இதெல்லாம் எழுத்துல சேராதான்னு கேக்கேன்.

அதோட விட்டுச்சா அந்தப் புள்ள? பத்து நாள் கழிச்சு மறுபடி வந்துச்சு. "சார், ஒண்ணு கேளுங்க"ன்னு காதுல ஒரு குழாயை மாட்டிவிட்டுச்சு. என் கேசட்டுல ஒவ்வொரு துண்டும் முடியுற இடத்தை மட்டும் வெட்டி, வரிசையாக் கோத்து வச்சிருக்கு. எம்பேரு வருது, அதுக்கு அப்புறம் 'உ'ன்னு ஒரு சத்தம், டக். மறுபடி எம்பேரு, 'உ', டக். எம்பேரு, 'உல', டக். இருநூத்திப் பன்னெண்டு தடவை. என் விரல் கொஞ்சம் பிந்துன வாரத்துலயெல்லாம் அது விழுந்திருக்கு.

தொண்ணூத்தொம்பதுல இவ பேசுனாள்ல, அதுக்கு மறுவாரத்துல இருந்து சகாயமேரி அம்மா எம்பேருக்கு அடுத்தாப்புல இவ பேரையும் சேத்தே வாசிச்சிருக்கு. 'கழுகுமலை மா. ஆவுடையப்பன், உலகம்மாள்.' இருவது வருஷமா வாசிச்சிருக்கு. எனக்கு எப்படித் தெரியும்? நாந்தான் செட்டை அணைச்சிருவேனே. இவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு வள்ளிநாயகம் ரேடியோ எங்க புழக்கடைச் சுவரு வழியா நல்லாக் கேக்குமாம். அதைக் கேக்கத்தான் அந்த நேரம் பாத்து எந்திரிச்சுப் போயிருக்கா. "வீட்டுக்குள்ள இருந்தா பாதியில நின்னுருமே, அதான்"னு எஸ்தர்கிட்ட சொல்லுதா. என்கிட்ட சொல்லல.

அன்னைக்கு எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆயிருச்சு, பொய் சொல்லமாட்டேன். குழாயைக் கழட்டி வச்சேன். பாவமாத்தான் இருந்துச்சு. ஒரு சுவத்துல காதை வச்சுக்கிட்டு ஒரு பொம்பளை இருவது வருஷம் நின்னுருக்கா, கையில ஒரு குண்டானோட. ஆனா அதுக்கப்புறம் கோவம் வந்துச்சு. ஊர்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன் எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல? டீக்கடையில போயி உக்காந்தா, "என்ன அண்ணாச்சி, இந்த வாரம் என்ன எழுதிருக்கீக?"ன்னு வளைச்சு வளைச்சுக் கேப்பானுக. மரியாதைன்னு நினைச்சு நானும் அரைமணி நேரம் விளக்குவேன். கார்டுல அப்படி ஒரு வரியும் இருந்திருக்காது. படிச்சுப் பாத்தாத்தானே தெரியும், எனக்கு எங்க நேரம்? போஸ்ட்மேன்கூட அந்த வருஷத்துல இருந்து நிலையத்துக் கடிதம் எதுனாலும் அவ கையிலதான் குடுப்பான். வீட்டுல இருக்கவகிட்டக் குடுக்கான்னு நினைச்சேன்.

இப்ப அந்தப் பக்கத்துக்கு வாரேன். 'நினைவிலிருந்து'ன்னு பேரு வச்சிருக்கு. நான் நிறுத்துன இடத்துலயெல்லாம் வெள்ளையா ஒரு இடைவெளி விட்டிருக்கு. அந்த வெள்ளையைத் தொட்டா உலகம்மா குரல் வரும். அன்னைக்கு என்ன கேள்வி, தான் என்ன எழுதுனா, புழக்கடையில கேட்ட வாரம்னா அடுத்து யாரு கடிதம் வந்துச்சு, எல்லாம் சொல்லுதா. ஆயிரத்து நூத்தி நாப்பதும் இவளுக்கு ஞாபகம் இருக்கு. போட்டும் போடாததுமா ஊர் ஊரா இருந்து ஆளுக கூப்பிடுதாக, எங்க கடிதத்தையும் வெட்டிட்டாரு, நாங்களும் சொல்லுதோம்னு. விளாத்திகுளத்துக்காரரு பேசுனாரு, கிணறு எழுபத்தெட்டு அடியாம். சகாயமேரி அம்மாவே பேசுச்சு, வயசாயிருச்சு, குரல் மட்டும் அப்படியே இருக்கு. எல்லாருக்கும் உலகம்மாதான் வேணும். போனை எடுத்து நான் ஆவுடையப்பன்னு சொன்னா, "ஓ, அவுகளா"ன்னு ஒரு சிரிப்பு. நான் பிடிச்ச கேசட்டை எவனும் கேக்கல. நிறுத்துன இடத்தைத்தான் தொட்டுத் தொட்டுக் கேக்கானுக. அப்ப நான் முப்பத்து மூணு வருஷம் பிடிச்சது எதுக்கு?

இது ஆவணமா தம்பி? கேசட்டுன்னா சாட்சி. ஞாபகத்துக்கு என்ன சாட்சி? நாளைக்கு நான்கூட எதையாவது ஞாபகம் இருக்குன்னு சொல்லலாம். சொல்லிப் பாத்தேன். எஸ்தர்கிட்டப் போயி என் ஞாபகத்தையும் பதின்னு சொன்னேன். சரி சார், உங்க கடிதம் ஏதாவது ஒண்ணுல இருந்து நாலு வரி சொல்லுங்கன்னுச்சு. அன்னைக்குப் பாத்துத் தொண்டை கட்டிருச்சு.

சரி, வீட்டுலயே தீத்துக்கிடலாம்னு இவகிட்டயே சொன்னேன். "ஏளா, அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுது"ன்னு. கையில போனை வச்சுக்கிட்டு என்னைய ஒரு பார்வை பாத்தா. "உங்க புகாரு, நீங்களே எழுதுங்க"ன்னுட்டு யாரோ தூத்துக்குடிக்காரிகிட்டப் பேசப் போயிட்டா. முகத்துல கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கோவமா இருந்தாக்கூடச் சமாதானம் பண்ணிருவேன்.

அதான் கிளம்பி வந்துட்டேன். என்ன, சர்வர் வந்துருச்சா? இல்ல, ஃபேன்தான் சுத்துது. நல்லதாப் போச்சு. தம்பி, சட்டையில பேனா வச்சிருக்கீக. கவருக்குள்ள தாள் இருக்கு, வெறுந்தாள். நாலு நாளா உக்காந்து பாக்கேன், 'ஐயா'வுக்கு மேல போகமாட்டேங்குது. என் எழுத்தும் அவ்வளவு தெளிவா இருக்காது. இப்படித் தொடைமேல வச்சு எழுதுங்க, நான் சொல்லுதேன். பெறுநர், பொருள் அதெல்லாம் நீங்களே போட்டுக்கிடுங்க. 'ஐயா, ஞாயிறு முற்றம் நிகழ்ச்சிக்கு முப்பத்து மூன்று ஆண்டுகளாக என் கைப்படக் கடிதம் எழுதிவந்தவன் நான்.' எழுதிட்டீகளா? 'என் கைப்பட'ங்கிறதுக்குக் கீழ ஒரு கோடு இழுங்க. அதுக்கு மேல... அதுக்கு மேல உங்களுக்குத்தான் விவரம் பூராத் தெரியுமே. பாத்து, மனசுல தைக்கிற மாதிரி பத்து வரி எழுதுங்க. எனக்கு வாசிச்சுக்கூடக் காட்ட வேண்டாம். முடிச்சுட்டு இப்படிக் குடுங்க, பேரை நான் போட்டுக்கிடுதேன்.